பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி மீட்டரை எடுங்க

"ஒரு வாரம் நிறுத்தி வெச்சேன் ப்ரோ, ஸ்டார்ட் ஆகல." பழைய கார் பிரியர்கள் கூடுற எந்த வாட்ஸ்அப் குழுவிலும் மாசத்துக்கு ரெண்டு தடவையாவது இந்த மெசேஜ் வரும். அடுத்த பத்து நிமிஷத்தில் வரும் பதில்களும் மாறாது. "பேட்டரி போச்சு, மாத்திடுங்க." "டெர்மினல்ல வாஸ்லின் தடவுங்க." "கட்-ஆஃப் சுவிட்ச் ஒண்ணு போட்டுடுங்க, அப்புறம் பிரச்சினையே இல்ல." எத்தனை மில்லி ஆம்பியர் போகுதுன்னு ஒருத்தர்கூட கேட்க மாட்டார். அந்தக் குழுவில் பாதிப்பேர் இன்ஜினியர்கள் என்பதுதான் கொடுமை.

காய்ச்சல் வந்தவருக்குத் தெர்மாமீட்டர் வைக்காமலே மருந்து எழுதுற டாக்டரிடம் நீங்க போவீங்களா? பேட்டரி விஷயத்தில் மட்டும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். பேட்டரி தானாகச் சாவது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புதுசு போட்டு மூணு மாசத்தில் மறுபடியும் படுத்துவிட்டால், பேட்டரியைக் குடிக்கிற ஆள் இன்னும் காருக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அவரைக் கண்டுபிடிக்காமல் மூணாவது பேட்டரி வாங்குவது, ஓட்டைக் குடத்துக்காக இன்னொரு லாரி தண்ணி வாங்குவது மாதிரி.

பேச வசதியா ஒரு காரை எடுத்துக்குவோம். பிஎம்டபிள்யூ இ46 எம்3. 2000 முதல் 2006 வரை தயாரானது. 3246 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், 343 குதிரைத்திறன், 8000 ஆர்பிஎம் வரை சுழலும் எஸ்54 இன்ஜின். நம்மில் பலருக்கு இதன் ரேஸ் வடிவத்தை நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் விளையாட்டில்தான் பழக்கம், அந்த நீலமும் வெள்ளியுமான வண்டி. இன்றைக்கு இந்தக் கார்களுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. இன்ஜின் இன்னும் கத்துது, வயரிங்தான் முனகுது. இதை நான் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம், வயசான வேகக் காருக்கு வரக்கூடிய மின்கசிவு அத்தனைக்கும் இது ஒரு மாதிரிப் பாடம்.

முதலில் கணக்கு. கணக்கு இல்லாமல் இந்தப் பேச்சுக்கு அர்த்தமே இல்லை. சாவியை எடுத்த பிறகும் காரில் கொஞ்சம் கரண்ட் ஓடத்தான் செய்யும். அலாரம், கடிகாரம், ரிமோட் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரிசீவர், இவற்றுக்கெல்லாம் சாப்பாடு வேணும். எல்லாம் தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் பொதுவாக ஆரோக்கியம் என்பார்கள். 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். 70 ஆம்பியர்-அவர் பேட்டரி பாதி காலியாக ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். அதே 500 மில்லி ஆம்பியர் என்றால்? ஒரு நாளைக்கு 12. மூணே நாளில் பாதி காலி. அணையாத ஒரு 5 வாட் டிக்கி லைட்டே 0.4 ஆம்பியர் எடுக்கும். அது மட்டுமே நாலு நாளில் அந்த வேலையைப் பார்த்துவிடும்.

இதில் ஒரு விஷயம் கவனிங்க. தினமும் ஆபீஸ் போகிற காரில் 150 மில்லி ஆம்பியர் கசிந்தால் உரிமையாளருக்குத் தெரியவே தெரியாது. ராத்திரி இழந்ததை ஆல்டர்னேட்டர் காலையில் நிரப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் எம்3 மாதிரி காரில்தான் அதே கசிவு ஆறு நாளில் 21 ஆம்பியர்-அவருக்கு மேல் தின்று மாட்டிக்கொள்ளும். "வேகக் கார்னாலே எலக்ட்ரிக்கல் தொல்லைதான்" என்று சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. பக்கத்து வீட்டு ஹேட்ச்பேக்கிலும் அதே கசிவு இருக்கலாம். அது தினமும் ஓடுவதால் நோய் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, எப்படி அளப்பது? "பேட்டரி நெகட்டிவைக் கழட்டு, நடுவில் அம்மீட்டர் வை." முதல் வருஷ லேப் ரெக்கார்டில் பென்சிலால் வரைந்த அதே சீரிஸ் கனெக்‌ஷன். பேப்பரில் சரி. எம்3-ல் செய்தால், நெகட்டிவைக் கழட்டிய நொடியே எல்லா மாட்யூலும் செத்து, மீட்டர் வழியே கரண்ட் திரும்பி வரும்போது ஒட்டுமொத்தமாக விழித்துக்கொள்ளும். மீட்டர் ரெண்டு, மூணு ஆம்பியர் காட்டும். "அடேங்கப்பா, இவ்வளவு லீக்கா!" என்று அலறி ஃபியூஸைப் பிடுங்க ஆரம்பிப்பார்கள். இ46 முழுசாத் தூங்கப் போக 16 நிமிஷம் ஆகும். அந்த 16 நிமிஷம் பொறுமை இல்லாதவர் இந்த வேலைக்கு வரவே வேண்டாம். அவர் அளப்பது கசிவை இல்லை, காரின் கொட்டாவியை.

இன்னொரு சுவாரசியமான சிக்கல். இந்தக் காரில் பேட்டரி இருப்பது டிக்கிக்குள். அளக்கணும்னா டிக்கி திறந்திருக்கணும்; டிக்கி திறந்திருந்தால் லைட் எரியும், கார் தூங்காது. அதனால் டிக்கியைத் திறந்து வைத்துவிட்டு, அதன் பூட்டை ஒரு ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடணும். கார் தன் டிக்கி மூடியிருக்கு என்று நம்பணும். கதவுகளுக்கும் இதே ஏமாற்று வேலைதான். முடிந்ததும் பூட்டைப் பழையபடி திறக்க மறக்காதீங்க, திறந்த டிக்கியை அப்படியே அறைந்து சாத்தினால் பூட்டு காலி. சாவியைத் தூரமாக வைங்க. பிறகு நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் இடையே முதலை கிளிப் வைத்த ஒரு வயரைப் போட்டுவிட்டு, அதற்கப்புறம் கேபிளைக் கழட்டி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்து, கடைசியாக அந்தத் தற்காலிக வயரை எடுங்க. இப்படிச் செய்தால் கார் ஒரு கணம்கூட கரண்டை இழக்காது. மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரையும் கதவைத் திறக்க விடாதீங்க. எஸ்எம்ஜி கியர்பாக்ஸ் உள்ள எம்3-ல் ஓட்டுநர் கதவைத் திறந்ததுமே ஹைட்ராலிக் பம்ப் ஓடி பிரஷர் ஏற்றும். அது பெரிய மோட்டார். உங்க மீட்டரின் உள் ஃபியூஸ் அதோடு போய்விடும். சாவியைப் போட்டு ஸ்டார்ட்டே செய்தால்? ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் இழுக்கும். மீட்டருக்கு இரங்கல் கூட்டம் நடத்தலாம். கொஞ்சம் காசு இருந்தால் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்கிடுங்க, எதையும் கழட்டாமலே கேபிளைச் சுற்றிப் பிடித்தால் போதும். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் இங்கே உதவாது. கடையில் கேட்டு வாங்குங்க.

மீட்டர் 480 மில்லி ஆம்பியர் காட்டுது, அரை மணி நேரமாக இறங்கவே இல்லை என்று வைப்போம். எந்த ஃபியூஸ் வழியாகப் போகுது? ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி, எப்போ ரீடிங் விழுதுன்னு பார் என்பது பழைய வழி. 1990-க்கு முந்தைய கார்களுக்கு அது அருமையான வழி. எல்லா மாட்யூலும் ஒரே கம்பியில் பேசிக்கொள்ளும் இ46 மாதிரி காருக்கு அது பொய் சொல்லும் வழி என்பது என் உறுதியான கருத்து. ஒரு ஃபியூஸைப் பிடுங்கித் திரும்பச் செருகினால், அந்த மாட்யூல் விழித்துப் பக்கத்து ஆளையும் எழுப்பிவிடும். இன்னும் மோசம், எந்த மாட்யூல் மாட்டிக்கொண்டு விழித்திருந்ததோ, அது பிடுங்கலில் ரீசெட் ஆகி நல்ல பிள்ளையாகத் தூங்கிவிடும். ரீடிங் விழும். "கண்டுபிடிச்சாச்சு" என்று நீங்க வீட்டுக்குப் போவீங்க. நாலு நாள் கழித்து மறுபடியும் ஸ்டார்ட் ஆகாது.

இதற்கு மாற்று வழி ஓம் விதி. ஃபியூஸும் ஒரு சின்ன ரெசிஸ்டர்தானே? சாதாரண 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸின் மின்தடை சுமார் 7 முதல் 8 மில்லி ஓம். அதன் தலையில் ரெண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த ரெண்டையும் தொடுங்க. எதையும் பிடுங்க வேண்டாம். 0.7 மில்லிவோல்ட் காட்டினால் கிட்டத்தட்ட 100 மில்லி ஆம்பியர் ஓடுது. சுழியம் காட்டினால் இந்த நேரத்தில் அதில் எதுவும் ஓடலை. பத்து நிமிஷத்தில் மொத்தப் பெட்டியையும் தொட்டு முடிச்சிடலாம், ஒரு மாட்யூலும் விழிக்காது. சாதாரண மீட்டரே 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும். இந்த முறையைப் பார்த்தபோதுதான் எனக்கு ஓம் விதி மேல் மரியாதையே வந்தது. செமஸ்டர் பேப்பரில் ரெண்டு மார்க் தந்தபோது வரலை.

ஆனால் இதற்கும் ஒரு எல்லை இருக்கு. ஃபியூஸ் பெரிசாக ஆக அதன் மின்தடை குறையும். 40 ஆம்பியர் ஃபியூஸில் அதே 100 மில்லி ஆம்பியர் ஓடினால் மீட்டரில் கடைசி இலக்கம்தான் ஆடும். இ46-ன் பிரபலமான குற்றவாளி சரியாக அங்கேதான் ஒளிந்திருக்கார்.

அவர் பெயர் ஃபைனல் ஸ்டேஜ் யூனிட். ஏசி காற்றாடியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர் மாட்யூல். வெப்பத்தைக் கடத்த முள்முள்ளாக உலோகம் நீட்டிக்கொண்டிருப்பதால் ஓட்டுநர்கள் இதைச் செல்லமாக முள்ளம்பன்றி என்பார்கள். டாஷ்போர்டுக்கு அடியில், காற்றாடியின் காற்றே தன்னைக் குளிர்விக்கும் இடத்தில் இருக்கும். சாவி இல்லாவிட்டாலும் பேட்டரி மின்சாரம் இதற்கு வந்துகொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் குறைக்கடத்தி வயசாகிக் கசிய ஆரம்பித்தால், காற்றாடி தன் இஷ்டத்துக்கு வேகம் கூட்டும் குறைக்கும். சில நேரம் சாவியை எடுத்த பிறகும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். சில நேரம் ஓடாமலே கரண்ட் மட்டும் போகும். இ46 வைத்திருப்பவர் "ஏசி ஃபேன் கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால் பேட்டரி கதையையும் சேர்த்துக் கேளுங்க. பெரும்பாலும் ரெண்டும் ஒரே கதைதான்.

முள்ளம்பன்றி மட்டுமே காரணம் என்று முடிவு கட்டுவதும் தப்பு. "இ46-ஆ? அப்போ அதுதான்" என்று அளக்காமல் அதை மாத்துவது, அளக்காமல் பேட்டரியை மாத்துவதன் இன்னொரு வடிவம். எஸ்எம்ஜி பம்ப் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளலாம். அலாரம் சைரனுக்குள் தனியாக ஒரு குட்டி பேட்டரி உண்டு. இருபது வருஷத்தில் அது ஒழுகி போர்டை அரிச்சிருக்கலாம். கிளவ்பாக்ஸ் லைட் அணையுதான்னு எத்தனை பேர் பார்த்திருப்பாங்க? ஃபோனை வீடியோ ரெக்கார்டிங்கில் போட்டு உள்ளே வைத்து மூடினால் ஐந்து வினாடியில் தெரிந்துவிடும். அப்புறம் முந்தைய உரிமையாளர் செருகியவை: ஆம்ப்ளிஃபயர், ஜிபிஎஸ் டிராக்கர், பூஸ்ட் மீட்டர், எங்கிருந்து கரண்ட் எடுக்குதுன்னே தெரியாத ஒரு நீல எல்இடி. என் அனுபவத்தில் சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் இதுதான். கம்பெனி போட்ட வயரில் ஒரு ஒழுங்கு இருக்கும். அக்சசரி கடையில் இன்சுலேஷன் டேப்பால் சுத்திக் கொடுத்ததில் அன்றைய அவசரம் மட்டும்தான் இருக்கும். நம்ம ஊர் பழைய சிட்டி, லான்சர், பாலியோ எதை எடுத்தாலும் முதல் சந்தேகம் இங்கேயே.

எந்த ஃபியூஸிலும் எதுவும் இல்லை, ஆனாலும் அரை ஆம்பியர் போகுது என்றால் ஃபியூஸ் பெட்டிக்கு வராத பாதையைப் பாருங்க. ஆல்டர்னேட்டர். அதற்குள் இருக்கும் ரெக்டிஃபயர் டயோடு ஒன்று தலைகீழாகக் கசிந்தால் பேட்டரி தன் ஆல்டர்னேட்டருக்கே சோறு போட்டுக்கொண்டிருக்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்க. அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடு மேல் சந்தேகம் நியாயமானது.

இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றிக் கோபமாகவே சொல்லிவிடுகிறேன். ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கான்னு பார்க்க, ஓடுற இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழட்டுகிற வழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கு. கார்புரேட்டர் காலத்து அம்பாசடரில் அது பிழைத்திருக்கலாம். இன்றைய காரில் பேட்டரி என்பது ஒரு பெரிய அதிர்ச்சி தாங்கி. சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது அதைத் திடீரென்று பிடுங்கினால் ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு கரண்ட் உடனே அடங்காது. அடக்கும் பாதுகாப்பு இல்லாவிட்டால் வோல்டேஜ் 100 பக்கம் எகிறும். 12 வோல்ட்டுக்கு வடிவமைத்த இசியு அதற்கு முன்னால் நிற்கணும். உங்க காரில் யாராவது அப்படிக் கை வைக்கப் போனால் அண்ணன், மாமா என்று பார்க்காமல் தடுத்துடுங்க.

"இவ்வளவு தலைவலி எதுக்கு? கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுட்டா முடிஞ்சுது" என்பவர்களுக்கு வருவோம். ரெண்டு மாசம் ஊருக்குப் போறீங்க, காரை அப்படியே விடணும் என்றால் டெர்மினலைக் கழட்டி வைப்பது நல்ல யோசனைதான். கசிகிற காருக்கு அதையே நிரந்தர மருந்தாக்குவதைத்தான் எதிர்க்கிறேன். அலாரமும் ரிமோட் பூட்டும் செத்துப்போகும் என்பது சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு. 480 மில்லி ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 6 வாட். நம்ம லேபில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அந்த 6 வாட் ஒரு பல்பில் எரிந்தால் பயமில்லை. துருப்பிடித்த ஒரு கனெக்டரில், தீக்குச்சித் தலை அளவு இடத்தில் எரிந்தால்? எங்கே எரியுதுன்னு தெரியாத வரைக்கும் அதை நீங்க சாதாரணமாக எடுத்துக்க முடியாது. சுவிட்ச் போட்டவர் காரை ஓட்டும்போது அதே கனெக்டருக்கு மறுபடியும் கரண்ட் போகத்தான் செய்யும்.

இது பயமுறுத்தல் இல்லை. 2017 நவம்பரில் பிஎம்டபிள்யூ அமெரிக்காவில் ரெண்டு பெரிய ரீகால்களை அறிவித்தது. ரெண்டும் சேர்த்துப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள், 2006 முதல் 2011 வரையிலான மாடல்கள், பெரும்பாலும் இ46-க்கு அடுத்த தலைமுறை. ஒன்று ஹீட்டர்-ஏசி காற்றாடியின் வயரிங்கும் கனெக்டர்களும் சூடேறுவது பற்றியது. மற்றது இன்ஜின் மேல் இருக்கும் ஒரு வால்வின் ஹீட்டர் ஷார்ட் ஆவது பற்றியது. நிறுத்தி வைத்திருக்கும்போதும் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால், சரிசெய்யும் வரை காரை வெளியே நிறுத்தச் சொன்னார்கள். அணைந்து கிடக்கும் காரில் ஓடும் கரண்டுக்கு இவ்வளவு எடை உண்டு.

கசிவு எப்போதாவது மட்டும் வந்தால்? மீட்டரை முறைத்துப் பார்த்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார முடியாது. மினி புராஜெக்ட்டுக்கு லைன் ஃபாலோயர் ரோபோவையே நூறாவது தடவையாகச் செய்யப் போகிற தம்பி தங்கைகளே, இதை எடுத்துக்கோங்க. ஏசிஎஸ்712 சென்சாரை ஆர்டுயினோவில் மாட்டினால் அதன் ஒரு படி ஏறக்குறைய 26 மில்லி ஆம்பியர். 30-க்கும் 50-க்கும் வித்தியாசம் தெரியாது, பத்தாது. ஐஎன்ஏ219 போர்டு நல்லா அளக்கும், ஆனால் அதில் வரும் 0.1 ஓம் ஷன்ட்டோடு 3.2 ஆம்பியர் வரைதான். கார் விழிக்கும்போது அதைத் தாண்டும், அதனால் ஷன்ட்டை 0.01 ஓமாக மாத்தணும். வினாடிக்கு ஒரு ரீடிங், எஸ்டி கார்டில் சேமிப்பு. காலையில் கிராஃப் போட்டால் ராத்திரி எத்தனை மணிக்கு எது விழித்தது, எத்தனை நிமிஷம் விழித்திருந்தது என்று படமாகத் தெரியும். ஓட்டைக் கண்டுபிடிக்கப் பாதி வேலை அதிலேயே முடியும்.

நம்ம லேப்களில் எனக்குள்ள குறையும் இதுதான். எல்லாம் சரியாக இருக்கும் சர்க்யூட்டைத்தான் நமக்குத் தருகிறார்கள். எதிர்பார்த்த ரீடிங் வரலைன்னா பக்கத்து பேட்ச் ரெக்கார்டிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். ஆட்டோமொபைல் பிளாக்குகளில் வெட்டி வைத்து பெயின்ட் அடித்த கார் நிற்குது. அதற்குப் பதில் ஓடுகிற ஒரு பழைய காரை நிறுத்தி, ஸ்டாஃப் ஒரு ரெசிஸ்டரை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டு, "300 மில்லி ஆம்பியர் எங்கே போகுது, கண்டுபிடி" என்று விடட்டும். எந்த வரிசையில் தேடினாய், ஏன் என்பதற்கு மார்க் போடட்டும். கிர்க்காஃப் தானாக மண்டையில் ஏறுவார்.

கடைசியாக, சரிசெய்த பிறகு செய்ய வேண்டியது. கசிவில் பல தடவை தரை தட்டிய பேட்டரிக்கு உள்ளே சல்ஃபேட் படிந்திருக்கும். ஸ்டார்ட்டர் பேட்டரிகள் அப்படிக் காலியாவதற்குச் செய்யப்பட்டவை இல்லை. அதனால் குற்றவாளி பிடிபட்ட பிறகு பேட்டரியையும் மாத்த வேண்டி வரலாம். வரிசைதான் முக்கியம்: முதலில் கசிவு, அப்புறம் பேட்டரி. முழுசா சார்ஜ் செய்து, நெகட்டிவைக் கழட்டி ஒரு ராத்திரி வைத்துவிட்டு அளந்தால் 12.6 வோல்ட் பக்கம் நிற்கணும். 12.2 என்றால் பாதிதான் தாங்குது. தேறியது என்றால் காரில் இணைத்து, ஜன்னல்களின் ஒன்-டச்சையும் கடிகாரத்தையும் திரும்பச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பேட்டரி முனைகளிலிருந்து ஃபியூஸ் போட்ட ரெண்டு மெல்லிய வயரை டிக்கி ரப்பர் வழியாக வெளியே விட்டுப் பூட்டுங்க. அப்போதுதான் காரை எழுப்பாமல் வோல்டேஜ் பார்க்கலாம். மூணு நாள் தொடாதீங்க. நாலாம் நாள் காலையில் அந்த வயரில் மீட்டரை வைங்க. 12.5-க்கு மேல் இருந்தால் சாவியை எடுங்க. இல்லைன்னா ஸ்க்ரூடிரைவரை.